அம்மாவுக்கு ஒரு வீடு

ஓய்வுக்கால வீடு தேடி அம்மாவுடன் குன்றத்தூருக்குப் போய் வந்தேன். சேக்கிழார் பிறந்த ஊர். அவர் எழுப்பிய நாகேசுவரர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

பார்த்த முதியோர் குடியிருப்பில் குளியலறை வாசலில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் படி. கைப்பிடி இல்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனதும் எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

வைப்புத்தொகை கட்டி ஆயுள்வரை தங்குவது வேறு, கிரயப் பத்திரம் பதிந்து வாங்குவது வேறு. ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். ஓய்வுக்கால இல்லங்களுக்கென மத்திய அரசு 2019இல் மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. வழுக்காத தரை, கைப்பிடி எல்லாம் அதில் உண்டு.

கோயில் பக்கம் தரைத்தள வாடகை வீடு இருந்தாலும் சொல்லுங்கள்.