கார் நிற்கும் இடத்துக்குக் கரண்ட் வருமா?

ஸ்டுட்கார்ட் போய் நான்காவது வருடம். பதவி உயர்வோடு கம்பெனி காரும் உண்டு என்றார்கள். பெட்ரோலோடு கரண்டிலும் ஓடும் ஹைபிரிட் வண்டி. சாதாரண ஹைபிரிட்டா, வெளியே பிளக் மாட்டிச் சார்ஜ் போடும் பிளக்-இன் ஹைபிரிட்டா என்று பதில் அனுப்ப வேண்டிய வாரத்தில் நான் லீவில் காவிரிக் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊர் தலைஞாயிறு வந்திருந்தேன்.

ஜெர்மனியில் கம்பெனி காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டினால், அதன் பட்டியல் விலையில் 1 சதவீதத்தை மாதாமாதம் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். பிளக்-இன் என்றால் 0.5தான். அதற்கு இப்போது புதிதாக எடுக்கும் வண்டி கரண்டில் மட்டும் 80 கிலோமீட்டராவது ஓட வேண்டும், இல்லை கார்பன் டை ஆக்சைடு கிலோமீட்டருக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. 40,000 யூரோ ஹைபிரிட்டுக்கு 400 யூரோ சேரும். 46,000 யூரோ பிளக்-இன்னுக்கு 230. ஆபீஸ் போய்வரும் தூரத்துக்குச் சேர்க்கும் தொகையிலும் பாதிதான். எனக்கு ஆசை வந்துவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் கணக்கைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மேட்டூர்ல தொறந்துட்டாங்கன்னு டிவியில சொன்னா நம்ம வயல் நனைஞ்சிருமா தம்பி? உன் கார் நிக்கிற எடத்துக்குக் கரண்ட் வருதா?" என்றார்.

வரவில்லை. வாடகை வீடு, அடித்தளத்தில் பார்க்கிங், பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட்கூடக் கிடையாது. சார்ஜர் வைக்க அனுமதி கேட்கும் உரிமையை 2020 டிசம்பரிலிருந்து சட்டம் வாடகைதாரருக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் செலவு என்னுடையது, அடுத்த வருடம் வீடு மாறும் யோசனை வேறு. ஆபீஸில் இருக்கும் நாலு சார்ஜருக்கும் காலை ஏழு மணிக்கே போட்டி.

சார்ஜ் போடாத பிளக்-இன், பெரிய பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் கனமான வண்டி. எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் காரில் சார்ஜிங் கேபிள் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டிக்கியில் கிடக்கிறது. பெட்ரோலுக்குக் கம்பெனி கார்டு இருக்கிறதே. அந்தச் சலுகை கரண்டில் ஓட்டுகிறவருக்காக வைத்தது. சார்ஜ் போடாமல் அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

சாதாரண ஹைபிரிட்டின் பேட்டரி சின்னது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியையே அது சேமித்துக்கொள்ளும், பிளக் வேண்டாம். காலையும் மாலையும் நின்று நின்று நகரும் என் பாதைக்கு அது பொருத்தம். லீஸ் மூன்று வருடம். அதற்குள் கராஜ் உள்ள வீடு அமைந்தால் அடுத்தது பிளக்-இன்தான்.

சரி என்று அன்றைக்கே மெயில் அனுப்பினேன். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் தண்ணி தலை காட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனார்.