வேலூரில் இருந்து கடலுக்குப் போகிறவர் எத்தனை லிட்டர் போர்டு வாங்கலாம்?

சர்ஃப் போர்டு கடையில் முதல் கேள்வி, "உங்க எடை எவ்வளவு?" என்பதுதான். நம்ம ஊர்க்காரர்களிடம் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்கவேண்டும்: மாதத்துக்கு எத்தனை தடவை தண்ணீரில் இறங்குவீர்கள்? காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்தால் பெரிய விஷயம். அந்த இடைவெளியில் முதலில் போய்விடுவது தோள் பலம். கோவளத்துப் பையன்கள் ஓட்டுகிற சின்ன போர்டைப் பார்த்து ஆசைப்படுவது இங்கேதான் காலை வாரும்.

போர்டின் கன அளவைத்தான் லிட்டரில் சொல்கிறார்கள்; லிட்டர் கூடினால் மிதப்பும் கூடும். எடையை வைத்து ஒரு குத்துமதிப்பு. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு, கிலோ எவ்வளவோ அவ்வளவு லிட்டர். உடையாத அலையைப் பிடித்து எழுந்து நிற்கத் தெரிந்தவர், ஆனால் மாதம் ஒருமுறைதான் போகிறார் என்றால் எடையை 0.8 ஆல் பெருக்கலாம். வாரம் இரண்டு மூன்று நாள் இறங்குகிறவருக்கு 0.45, 0.5 போதும். 72 கிலோ ஆள், மாதம் ஒருமுறை: சுமார் 58 லிட்டர். ஏழரை அடி நீளம், 22 இன்ச் அகலம், 3 இன்ச் கனம் உள்ள போர்டு ஏறக்குறைய அந்தக் கணக்குக்கு வரும்.

லிட்டர் எழுதாத பழைய போர்டு என்றால் நாமே கணக்குப் போடலாம். நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்து, அதை 0.56 ஆல் பெருக்குங்கள். முனைகளும் ஓரங்களும் மெலிவதால்தான் இந்தக் கழிவு. வடிவத்தைப் பொறுத்து 0.54 முதல் 0.6 வரை மாறும். கனத்தை அளக்க, நடுவில் மேலே ஒரு நேர்க்கட்டை, கீழே ஒரு நேர்க்கட்டை குறுக்காக வைத்து, இரண்டு பக்கமும் இடைவெளியை அளந்து சராசரி எடுக்கவேண்டும். அடிப்பக்கம் உள்வாங்கியிருந்தால் கட்டை ஓரத்தில்தான் உட்காரும்; ஒன்றிரண்டு நூல் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாகக் காட்டும், கழித்துக்கொள்ளுங்கள். அற்பமாகத் தெரியும், ஆனால் மேலே சொன்ன ஏழரை அடி போர்டில் ஒரு நூல் கனம் என்பது இரண்டு லிட்டருக்கும் மேல்.

இனி முக்கியமான இடம். ஒரே லிட்டரை இரண்டு விதமாக அடைக்கலாம். 6 அடி 2 இன்ச் நீளம், இருபதரை அகலம், மூன்றேகால் கனம்: சுமார் 45 லிட்டர். 7 அடி, இருபத்தொன்றரை, இரண்டே முக்கால்: அதுவும் சுமார் 45 லிட்டர்தான். தண்ணீரில் இரண்டும் வேறு வேறு. குட்டையும் கனமுமான முதல் போர்டில் நெஞ்சு உயரத்தில் இருக்கும்; கை தண்ணீருக்குள் ஆழமாகப் போகாது, போர்டு பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். திருப்பும்போது தடித்த ஓரம் அலைக்குள் இறங்காமல் மேலேயே துள்ளும். நீளமானது சீக்கிரம் வேகம் எடுக்கும், அலையை முன்கூட்டியே பிடிக்கும். அதனால் லிட்டர் போதவில்லை என்றால் முதலில் நீளத்தைக் கூட்டுங்கள், அடுத்து அகலம், கடைசியில்தான் கனம். "குட்டை, ஆனா நல்லா மிதக்கும் சார்" என்று விற்கிற போர்டுகளில் பாதி இந்த வகைதான்.

போர்டில் படுத்துக் கையால் துடுப்புப் போடும்போது போர்டின் மூக்கு, அதாவது முன்முனை, தண்ணீருக்கு மேலே ஓர் இன்ச், இரண்டு இன்ச் நிற்கவேண்டும். முங்கினால் கொஞ்சம் பின்னால் நகருங்கள். நகர்ந்தும் நெஞ்சுக்கு மேல் தண்ணீர் ஏறி, அலை அடியில் நழுவிப் போய்க்கொண்டே இருந்தால் லிட்டர் பற்றவில்லை. 58 லிட்டரை அமுக்கி அலைக்கு அடியில் நுழைய முடியாது. போர்டோடு தலைகீழாகப் புரண்டு அலையை மேலே விடப் பழகவேண்டும்.

பழைய போர்டில் இன்னொரு சிக்கல், உள்ளே குடித்த தண்ணீர். லிட்டர் அப்படியே இருக்கும், எடை கூடிய அளவுக்கு மிதப்பு குறையும். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த போர்டு என்றால் மேல்தோல் நுரையை விட்டுப் பிரிந்து கொப்புளம் போட்டிருக்கலாம். கட்டைவிரலால் மேல்பக்கம் முழுக்க அழுத்திப் பாருங்கள், அடிப்பக்கம் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் பொருத்திய இடத்தைச் சுற்றி விரிசல் தேடுங்கள். அமுங்குகிற போர்டுக்கு விலை பேசவே வேண்டாம்.