அரை வாரக் கணக்குப்பிள்ளை

என் வாரத்தில் வேலை நாள் மூன்றுதான். திங்கள், புதன், வெள்ளி. செவ்வாய், வியாழன், சனி காலைகள் டயாலிசிஸுக்குப் போய்விடும். மெஷினில் நாலு மணி நேரம், முன்னும் பின்னும் காத்திருப்பு, வீடு திரும்பினால் பொழுது சாயும்வரை கட்டிலை விட்டு எழ உடம்பு சம்மதிக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும். மிச்சமிருக்கிற நேரத்துக்குள், மதுரை வில்லாபுரத்திலிருந்து போய்வருகிற தூரத்துக்குள், எனக்குத் தெரிந்த ஒரே தொழிலில் வேலை தேடினேன். தொழில், கணக்கு. பி.காம் முடித்த நாளிலிருந்து ஜவுளி, லாரி புக்கிங், இரும்பு என்று கடை மாறியிருக்கிறேனே தவிர, செய்தது எல்லாம் கணக்குதான்.

டயாலிசிஸ் வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "நீங்க மட்டும் எப்படிண்ணே வேலைக்குப் போறீங்க?" என்பது. அங்கே ஊசி குத்தின கையோடு படுத்துக்கொண்டு விவரமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், படுக்கையில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்கள், சாயங்காலக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் நேரக் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

முதலில் எது முடியாது என்று ஒரு தாளில் எழுதினேன். இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது, அதாவது டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, டயாலிசிஸ் ஊசி தவிர வேறு ஊசி போடக் கூடாது. ஆகவே குடோனில் மூட்டை நகர்த்திச் சரக்கு எண்ணுகிற வேலையும், பைக்கில் பார்சல் கொண்டுபோகிற வேலையும் அடிபட்டுப் போயின. குடிக்கிற தண்ணீருக்கு அளவு இருப்பதால் சித்திரை வெயிலில் வசூலுக்கு அலைய முடியாது. (கடைக்காரர்கள் அன்பு ஒரு தனிச் சோதனை. உட்கார்ந்ததும் டீ, அப்புறம் பருத்திப்பால். இளைத்துப் போயிருக்கிறேன் என்று ஒருவர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். பொட்டாசியம் இருப்பதால் இளநீரை எங்களுக்கு வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். இதை விளக்குவதற்குள் அவர் முகம் வாடிவிடுகிறது.)

"மாற்றுத்திறனாளி கோட்டாவில் கேளுங்களேன்" என்று சொல்லாதவர் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியல் இருக்கிறது. ஹீமோபிலியா உண்டு, தலசீமியா உண்டு, சிறுநீரகச் செயலிழப்பு கிடையாது. சிகிச்சைக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை உதவுகிறது. வேலைக்கு அப்படி ஒரு அட்டை இல்லை.

தேடிய இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நடக்கிற தனியார் வேலை முகாமுக்குப் போனேன். நடந்துகொண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வந்திருந்த கம்பெனிகளுக்கு வேண்டியது எல்லாம் முழுநேர ஆள். இளவயதுப் பிள்ளைகள் கண்டிப்பாகப் போகலாம். கம்ப்யூட்டர் சென்டரில் டேலி என்கிற கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள், தினசரி வகுப்பு என்பதால் ஒத்துவரவில்லை. உங்கள் சிக்கல் நாளில் இல்லாமல் மணியில் இருந்தால், அதாவது தினமும் இரண்டு மணி நேரம் மட்டும் முடியும் என்றால், அது நல்ல வேலை.

மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் "வீட்டிலிருந்தே டைப்பிங், மாதம் 25,000" நோட்டீஸைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். வீட்டோடு முடங்கியவர்களைத்தான் அது குறிவைக்கிறது. முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். கண்ணுக்கே தெரியாத எழுத்தில் பக்கம் பக்கமாக அனுப்பி, இத்தனை நாளில் இத்தனை சதவீதம் பிழையில்லாமல் அடிக்கணும் என்பார்கள். யாராலும் முடியாது. முடியாதபோது ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். பயந்தவர்கள் அதற்கும் கட்டுவார்கள். டெலிகிராமில் ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போடுகிற வேலை இதற்குத் தம்பி: முதலில் நூறு இருநூறு நிஜமாகவே தருவார்கள், அப்புறம் பெரிய வேலைக்கு முன்பணம் என்பார்கள். வேலை தருகிறவன் நம்மிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம், யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு.

இனி அசல் விஷயம். என்னைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்வது, முழுநேர வேலை கொடுக்கிற இடத்தில் போய் "அரை நாள் வரட்டுமா" என்று கேட்பது. ஒரு ஜவுளிக்கடையில் நானும் கேட்டேன். முதலாளி நல்ல மனுஷன், உடனே சரி என்றார். "மத்தியானத்தோட கிளம்பிடுங்க சார். ஆனா சாயங்காலம் கல்லா முடிக்கிறப்ப மட்டும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்க. சனிக்கிழமை கூட்டம் இருக்கும், அன்னைக்கு மட்டும் முழுநாள்." சம்பளம் மட்டும் சரியாகப் பாதி. அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. அந்தக் கடையின் கணக்கு முழு ஆளைக் கேட்கிற கணக்கு. பாதி ஆள் போனாலும் வேலை பாதியாகாது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு, அளவே சிறியதாக இருக்கிற வேலை எங்கே கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். கணக்குத் துறையில் அது ஜிஎஸ்டியால் வந்தது. 2017 ஜூலை 1-க்குப் பிறகு, சிட்டையில் எழுதிப் பழகிய சின்னக் கடைக்காரர்களுக்கும் தேதி வைத்துக் கணக்குக் காட்டுகிற கட்டாயம் வந்துவிட்டது. வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் சரக்கு விற்றால் பதிவு எடுக்க வேண்டும். ஒரு மளிகைக் கடைக்கு அது பெரிய தொகையே அல்ல. அந்தக் கடைக்கு மாதத்தில் ஏழெட்டு மணி நேரக் கணக்கு வேலை இருக்கும். அதற்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. ஆடிட்டர் ஆபீஸில் ரிட்டர்ன் (அரசுக்குக் காட்டும் வரிக் கணக்கு) போடுவார்கள், ஆனால் கடைக்கு வந்து பில்லை அடுக்க மாட்டார்கள். கடைக்காரரின் மஞ்சப்பைக்கும் ஆடிட்டரின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு ஆள் குறைகிறது. அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே நுழைந்தது ஆடிட்டர்கள் வழியாகத்தான். போய் வேலை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், பாதிச் சம்பளத்தில் படிக்கிற பிள்ளைகள் அவர்களுக்கு உண்டு. "உங்க கிளையண்ட்ல கடைசி நாள்ல பையோட வந்து உசுர வாங்குறது யாரு சார்?" என்று கேட்டேன். ஆடிட்டர் சிரித்துவிட்டு, யோசிக்காமல் பெயர் சொன்னார். முதல் பெயர் கீழமாசி வீதியில் பருப்பும் மிளகாய் வத்தலும் மொத்தமாக விற்கிற அண்ணாச்சி.

அண்ணாச்சி கடையில் பில் குத்துகிற கம்பி மூன்று. எது எதற்கு என்று அவருக்கு மட்டும் தெரியும். பருப்பு வியாபாரத்தில் ஒரு வில்லங்கம் வேறு. 2022 ஜூலை 18-லிருந்து லேபிள் ஒட்டிக் கட்டிய பருப்பு, அரிசி 25 கிலோ வரைக்கும் 5 சதவீத வரிக்குள் வந்தது, சில்லறையாக அளந்து கொடுப்பதற்கு வரி இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை கடைகளில் தலைகாட்டியதன் ரகசியம் இதுதான். ஆக அண்ணாச்சி கடையில் ஒரே துவரம் பருப்பு மூட்டையைப் பொறுத்து வரியோடும் வரியில்லாமலும் இருக்கும். அதைப் பிரித்து எழுத, சரக்கைக் கண்ணால் பார்க்கிற ஆள் வேண்டும். ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியாது.

உடம்பு விஷயத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். "செவ்வாய், வியாழன், சனி மத்தியானம் வரைக்கும் போனே எடுக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேல முடிஞ்சிருமா?" என்று கேட்டார். முடிந்துவிடும் என்றேன். "அப்ப சரி, நீரு எப்ப வந்தா எனக்கென்ன" என்றார். வேறொரு கடையில் "இது தொத்துமா?" என்று கேட்டார்கள். தொற்றாது என்று சொன்ன பிறகும் வேலை தரவில்லை. அதை முதல் நாளே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

சம்பளம் பேசும்போது மணிக் கணக்கில் பேசவே பேசாதீர்கள். மணிக்கு இவ்வளவு என்றால் நாம் டீ குடிக்கிற நேரமும் அவர்கள் கண்ணில் உறுத்தும். வேகமாக முடிக்கிறவனுக்குக் காசு குறைகிற விநோதமும் நடக்கும். நான் கடைக்கு மாதம் இவ்வளவு என்று வாங்குகிறேன். பில்லின் எண்ணிக்கையைப் பொறுத்து 1,500 முதல் 3,000 வரை. அதற்குள் என்ன அடங்கும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன்: கொள்முதல், விற்பனைப் பதிவு, பேங்க் கணக்கு ஒத்துப்பார்ப்பது, பாக்கிப் பட்டியல். மகன் காலேஜுக்கு வருமானச் சான்று, தங்கச்சி வீட்டுக்காரர் லோனுக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அதில் சேராது. இது எழுத்தில் இல்லாவிட்டால் மெல்ல மெல்லச் சேர்ந்துவிடும்.

தேதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு வாழ்க்கையே அதில்தான் ஓடுகிறது. மாதாமாதம் கணக்குக் காட்டுகிற கடைக்கு விற்பனை விவரம் 11-ம் தேதி, வரியோடு சேர்ந்த ரிட்டர்ன் 20-ம் தேதி. விற்றவர்கள் ஏற்றிய பில்கள் நம் பக்கம் 2பி என்ற பட்டியலாக 14-ம் தேதி வரும். 2022 ஜனவரியிலிருந்து அதில் வராத பில்லுக்கு வரிக்கழிவு (வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதால், வராத பில்லுக்கு விற்றவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட வேண்டும். 14-க்கும் 20-க்கும் நடுவில் எனக்கு இருப்பது இரண்டு மூன்று வேலை நாள். எல்லாக் கடையும் இப்படி இருந்தால் செத்தேன். ஆனால் 5 கோடிக்குக் கீழே விற்கிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம். அவர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் விற்பனை விவரம் 13-ம் தேதி, ரிட்டர்ன் தமிழ்நாட்டுக்கு 22-ம் தேதி. நடுவிலிருக்கும் மாதங்களில் வரியை மட்டும் அடுத்த மாதம் 25-க்குள் கட்டினால் போதும். அண்ணாச்சி இந்த வகை. மாதக் கடை ஒன்று, காலாண்டுக் கடை இரண்டு என்று கலந்து எடுத்ததால் வேலை ஒரே வாரத்தில் வந்து குவிவதில்லை. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், வியாபாரமே இல்லாத மாதமென்றால் நாளுக்கு 20 ரூபாய். 20-ம் தேதி சனிக்கிழமையில் விழுந்தால் வெள்ளியன்றே ஆடிட்டருக்கு அனுப்பிவிடுவேன். கடைசி நாளில் ஜிஎஸ்டி போர்ட்டல் திணறும்போது மற்றவர்கள் படுகிற பாட்டை மறுநாள் கேள்விப்படுவதோடு சரி.

தினசரி வேலை மட்டும் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். ஒரு மெஸ்காரர் நல்ல தொகை சொன்னார், ஆனால் ராத்திரி ராத்திரி கல்லாக் கணக்கு கேட்டார். மறுத்துவிட்டேன். 2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதங்கள் மாறியபோது சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கி, ஒரே நாளில் எல்லாக் கடையிலும் பில் மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது. வருஷத்தில் ஒன்றிரண்டு முறை அப்படி வந்தால் சமாளிக்கலாம்.

கணக்குத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் மனைவி சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறாள், குஞ்சம் கட்டுகிறாள். அதுவும் தானாகவே துண்டு துண்டாக இருக்கிற வேலை, பிளவுஸ் தைக்கிற கடைக்காரர்களுக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. எங்கள் தெருப் பையன் ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறான், பக்கத்துக்கு இவ்வளவு என்று. தையிலும் ஆவணியிலும் தூக்கம் இல்லை, ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கையில் காசு இல்லை. படிக்கிற பையன் என்பதால் அவனுக்குச் சரிப்படுகிறது, வீட்டு வாடகை கட்ட வேண்டியவருக்குச் சரிப்படாது.

இப்போது அண்ணாச்சியின் மச்சான் உசிலம்பட்டியில் கடை வைத்திருக்கிறார், அவருக்கும் பார்க்கச் சொல்கிறார். பஸ்ஸில் போய்வர என் உடம்புக்கு ஆகாது. பில்லை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், பாதி பில்லில் அவர் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. வெளியூர்க் கடைகளுக்கு இப்படிப் போட்டோவை வைத்தே கணக்கு எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால், எந்த ஸ்கேன் ஆப் பயன்படுத்தச் சொல்கிறீர்கள், உள்ளூரைவிட எவ்வளவு கூட்டி வாங்குகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். புதன்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.