புரோகிரசிவ் கண்ணாடி: மைக்குறியை அழிக்க விடாதீர்கள்

தூரம், கணினி, எழுத்து மூன்றையும் ஒரே லென்ஸில் காட்டும் புரோகிரசிவ் கண்ணாடி, இரண்டாம் தடவை செய்தது, நேற்றுதான் கைக்கு வந்தது. இதற்காகச் சுங்கை சிப்பூட்டிலிருந்து ஈப்போவுக்கு நான்கு நடை; அதில் மூன்று வீண். பவரில் குறையே இல்லை. கோளாறு முழுக்க அளவெடுத்ததில்.

கண் பரிசோதனை சரியாக நடந்தது: தூரத்துக்கு மைனஸ் 1.25, படிக்க அதன்மேல் கூட்டும் பவர், அதாவது ஆட், பிளஸ் 2.00. சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் கவனியுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் கூடவே மாறும். அது ஒரு நிலைக்கு வந்த பிறகு பரிசோதியுங்கள், இல்லையென்றால் கொடுத்த வெள்ளி வீண்.

பிரேம் எடுத்ததும் கடைக்காரர் மெஷின் காட்டிய 63 மில்லிமீட்டர் என்ற பி.டி.யை (இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம்) எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அதைச் சரிபாதியாக்கி இரு கண்ணுக்கும் 31.5 என்று போட்டிருக்கிறார்கள். மூக்கின் நடுவிலிருந்து அளந்தால் என் வலக்கண் 33, இடக்கண் 30. ஒற்றைப் பவர் கண்ணாடியில் இந்த வித்தியாசம் அனேகமாகத் தெரியாது. புரோகிரசிவில் அப்படி இல்லை. மேலே தூரம், நடுவில் கணினி, கீழே எழுத்து என்று பவர் ஓர் ஒடுங்கிய பாதையில் படிப்படியாகக் கூடிக்கொண்டே இறங்குகிறது. பாதையின் இரு பக்கமும் மங்கல்தான், எந்த பிராண்டானாலும். ஒன்றரை மில்லிமீட்டர் விலகினாலே கண் பாதையை விட்டு மங்கலுக்குள் போகலாம்.

அதைவிடப் பெரிய தவறு, பிரேமில் கண்மணி நிற்கும் உயரமே எடுக்காதது. பிரேமை முகத்தில் சரியாக உட்காரவைத்து, எதிரே அதே உயரத்தில் அமர்ந்து, நேராகப் பார்க்கச் சொல்லி, கண்மணியின் நடுவில், பிரேமோடு வரும் டெமோ லென்ஸ்மேல் மார்க்கரால் புள்ளி வைக்க வேண்டும். இரு கண்ணுக்கும் தனித்தனியாக. புள்ளியிலிருந்து பிரேமின் கீழ் விளிம்புவரை பல லென்ஸ்களுக்கு 16 முதல் 18 மில்லிமீட்டராவது தேவை. குட்டைப் பிரேமில் படிக்கும் பகுதியே வெட்டுப்பட்டுப் போகும்.

கண்ணாடி வந்தது. தூரம் தெளிவு. ஆனால் செக்ரோல் புத்தகத்தை (தொழிலாளர் வருகைப் பதிவேடு) படிக்கத் தாடையைத் தூக்க வேண்டியிருந்தது, மாலையில் கழுத்து வலி. கேட்டால், "நந்தி பியாசா லா." பழகிவிடுமாம்! இரண்டு வாரம் காத்திருந்தும் அதே வலி. தலை சுற்றுவதும் தரை அலைவதும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். தாடையைத் தூக்குவது பழக்கக் குறைவு அல்ல, லென்ஸ் தாழ்வாக உட்கார்ந்திருப்பதன் அடையாளம். சாலை தெரியத் தலையைக் குனிய வேண்டியிருந்தால் லென்ஸ் மேலே ஏறியிருக்கிறது.

தவறை நிரூபிக்க லென்ஸிலேயே சான்று உண்டு. புதிய லென்ஸில் மஞ்சள் அல்லது வெள்ளை மையில் சிலுவைக்குறி இருக்கும். அது கண்மணியின் நடுவில் விழ வேண்டும். எனக்குக் கொடுக்குமுன் அதைத் துடைத்துவிட்டார்கள். ஆனால் அழியாத குறிகளும் உண்டு: ஒவ்வொரு லென்ஸையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு பொறிப்புகள் தெரியும். காதுப்பக்கப் பொறிப்பின் கீழே ஆட் எண் இருக்கும். வேறொரு கடையில் ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பவர் பரிசோதகர்) ஒருவர் அவற்றில் புள்ளி வைத்து, குறிகளின் இடம் காட்டும் லென்ஸ் நிறுவன அட்டைமேல் பொருத்தி, சிலுவையை மறுபடி வரைந்து காட்டினார். என் கண்மணிக்கு 4 மில்லிமீட்டர் கீழே கிடந்தது. அதைப் படமெடுத்துக்கொண்டு போய்க் காட்டியதும், அதுவரை மறுத்தவர்கள் காசு வாங்காமல் மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள்.

1 அல்லது 2 மில்லிமீட்டர் தாழ்வென்றால் புது லென்ஸ் வேண்டாம். மூக்குப் பட்டைகளை நெருக்கினாலே பிரேம் மேலேறும். பிரேமின் கீழ்ப்பக்கம் கன்னத்தை நோக்கி 8 முதல் 12 டிகிரி சாய்ந்திருந்தால் படிக்கும் பகுதி அகலமாகத் தெரியும்.

வாங்கும்போது மைக்குறியோடு போட்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள், பிறகு துடைக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க ஆபீஸ் கணினியே கதி என்றால் அதற்கென்று தனி ஆபீஸ் லென்ஸ் கேளுங்கள். புரோகிரசிவின் நடுப்பகுதி அதற்குப் போதாது. படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையைக் குனியுங்கள். மோட்டாரில் போகிறவர்கள் ஹெல்மெட்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள். அது பிரேமை அழுத்தி இறக்கினால், பார்த்துப் பார்த்து எடுத்த உயரமும் சாலையில் மாறிவிடும்.