மூடைக் கணக்கும் சேமலாப நிதியும்

கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பக்கத்து அரிசி ஆலையொன்றில், அவித்த நெல்லைச் சீமெந்துத் தளத்தில் பரப்பிக் காயவைக்கும் வேலையை, மீள்குடியேறிய 2010ஆம் ஆண்டு முதல் செய்து வருகின்றேன். மூடைக் கணக்கில்தான் கூலி. மழை பெய்தால் அதுவும் இல்லை. வேலையாளும் முதலாளியும் மாதந்தோறும் கட்டி, பிற்காலத்துக்கெனச் சேர்க்கும் சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், மூடைக் கூலிக்காரருக்கு அது கிடையாது என்றே முதலாளி சொல்லி வந்தார்.

அது உண்மையில்லை என்பதை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வந்த தொழில் உத்தியோகத்தர் ஒருவரே எங்களுக்கு விளக்கினார். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக வேலையாட்களையும், செய்த வேலையின் அளவுக்குக் கூலி பெறுபவர்களையும் உள்ளடக்குகின்றது. சம்பளத்தில் எங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு நிதிக்கு அவர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும்.

சட்டத்தில் இடமிருந்தது, வேலை செய்ததைக் காட்டத்தான் எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. கைகொடுத்தது எங்கள் சீட்டுக் கொப்பி. பதினொரு பெண்கள் சனிக்கிழமை தோறும் கட்டும் சீட்டுக்கு, அவரவர் காயவைத்த மூடைகளுக்கு ஏற்பவே பணம் வரும் என்பதால், கொப்பி வைத்திருந்த அக்கா ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தக் கிழமையின் மூடை எண்ணிக்கையையும் எழுதியிருந்தார். நான்கு ஆண்டுகளின் கணக்கு, தேங்காயெண்ணெய்க் கறையோடு அப்படியே இருந்தது.

ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கமாகவே பதியலாம் என்று அறிந்தும், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தொழில் திணைக்களத்துக்கு ஒரு கூட்டு முறைப்பாட்டோடு நின்றோம். அதிலும் முதற் கையொப்பம் யாருடையது என்பதிலேயே இரண்டு கிழமைகள் கழிந்தன. ஐம்பது வயது நிறைந்த பெண்கள் வேலையை விட்டு விலகினால் நிதியை எடுக்கலாம் என்பதால், ஐம்பத்துமூன்று வயதான கொப்பிக்கார அக்காவே, "என்னை நிற்பாட்டினாலும் எனக்குக் காசு வரும், பிள்ளையள்" என்று சொல்லி முதலில் ஒப்பமிட்டார்.

விசாரணையில் கொப்பியைப் பார்த்த முதலாளி நெடுநேரம் பேசவில்லை. நிலுவையைத் தவணைகளாகக் கட்ட ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த காலபோக நெல் பருவத்துக்கு எங்களில் இருவரை வேலைக்கு அழைக்கவில்லை. எட்டுப் பேருக்கு அங்கத்துவ அட்டை வந்துவிட்டது. இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாக நிற்கும் மூவர், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கின்றனர்.