கட்டைவிரல் மருவும் இன்னொரு மருவும்

ஆறாம் வகுப்பில் எனக்குக் கட்டைவிரலில் மரு வந்தபோது பல்லாவரத்தில் எங்கள் தெருவே வைத்தியம் சொன்னது. அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவு என்றார் ஒருவர், குதிரை முடியை இறுக்கிக் கட்டு என்றார் இன்னொருவர், பாட்டி வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தாள், நாலு மாதத்தில் மரு காணாமல் போனது. போன வருடம், 31 வயதில், ஆணுறுப்பின் அடிப்பக்கம் அதே மாதிரி நாலைந்து முளைத்தபோது ஈ காக்கைக்குக்கூட நான் மூச்சு விடவில்லை.

ஏழு மாதம். அதில் செய்த முட்டாள்தனங்களின் உச்சம், மெடிக்கல் ஷாப்பில் காலாணிக்கு என்று பொய் சொல்லி வாங்கிய மருந்து. பாதத்தில் தடித்துப்போன தோலைக் கரைக்கிற சாலிசிலிக் அமிலம் அது, நெயில் பாலிஷ் மாதிரி குட்டி பாட்டில். ராத்திரி பாத்ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தடவினேன். முதலில் சில்லென்று இருந்தது, அப்புறம் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சுற்றியிருந்த நல்ல தோல் வெந்து உரிந்தது, மருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சார ரயில் பெட்டியில் ஒட்டியிருக்குமே, ‘ரகசிய நோய்களுக்கு’ என்று ஸ்டிக்கர், அந்த நம்பரைக்கூட போனில் ஏற்றி வைத்திருந்தேன். நல்லவேளை, கூப்பிடவில்லை.

தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமானதும்தான் கோடம்பாக்கத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். வெளியே முகப்பருவுக்கும் முடி கொட்டுவதற்கும் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் எதற்கு வந்தேன் என்று யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “ஹெச்பிவி தம்பி, இதுக்கா இத்தனை நாள்?” என்றார். ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கம். இந்த வைரஸில் 200க்கு மேல் வகை உண்டாம். பிறப்புறுப்பு மருவில் பத்துக்கு ஒன்பது 6, 11 என்ற இரண்டு வகைகளால் வருபவை. புற்றுநோய்க்குப் பெயர்போன 16, 18 வேறு. என் கட்டைவிரலில் வந்ததும் இதே குடும்பம்தான், அதை உடம்பே விரட்டியிருக்கிறது, பாட்டிக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. தொற்றி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கழித்தும் தலைகாட்டும் என்பதால் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதில் பயனில்லை என்றார். எச்ஐவி, சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான விடிஆர்எல் ஆகிய ரத்தப் பரிசோதனைகள் எழுதினார், எல்லாம் சரியாக இருந்தது.

இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றி வரிசையாகக் குட்டி முத்து மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் நோயே இல்லை, யாருக்கும் ஒட்டாது. அதற்கும் லேசர் செய்து காசு கறக்கிறவர்கள் இருக்கிறார்கள். மரு என்று முதலில் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

எனக்கு மருவை லேசரால் சுட்டு எடுத்தார்கள், இருபது நிமிடம்தான். மரத்துப்போக கிரீம் தடவி ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள், பிறகு மெல்லிய ஊசி. வலித்தது அந்த ஊசி மட்டும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியைத் தோலில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, மரு கொதித்து ஆவியாகிறது. எனக்கும் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். முடி கருகும் வாடை. பக்கத்தில் ஒரு குழாய் புகையை உறிஞ்சிக்கொண்டே இருந்தது, புகையிலும் வைரஸின் டிஎன்ஏ இருக்கலாம் என்பதால் டாக்டர் என்95 மாஸ்க் போட்டிருந்தார். பிறகு இரண்டு வாரம் களிம்பு, வேட்டி. காசு ஒரு பிரச்சினை என்றால் சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே தனித்துறை இருக்கிறது.

லேசர் மருவைத்தான் எடுக்கும், வைரஸை எடுக்காது. திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும் என்று சொல்லியிருந்தார்; எனக்கு இரண்டாவது மாதம் கடுகளவு ஒன்று வந்தது, மறுபடி போய்ச் சுட்டுக்கொண்டு வந்தேன்.

லேசரைவிடக் கஷ்டம், எனக்கு நிச்சயமான பெண்ணிடம் சொன்னது. ஆணுறை போட்டாலும் அது மூடாத தோலில் இருந்து தொற்றலாம் என்பதால் சொல்லாமல் கட்டிக்கொள்ள மனசு ஒப்பவில்லை. கிண்டி ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் நின்று, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “எனக்கும் வருமா?” என்றாள். வரலாம் என்றேன். மறுவாரம் அவளே ஒரு பெண் டாக்டரைப் பார்த்து ஹெச்பிவி தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டுக்கொண்டாள். வயது 25, மொத்தம் மூன்று டோஸ். 2023ல் வந்த நம்மூர் தயாரிப்பு செர்வாவேக், அந்த 6, 11ஐயும் சேர்த்துத் தடுக்கும், ஆண்களும் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே வந்ததை அது குணப்படுத்தாது.

அம்மாவுக்குத்தான் வேட்டி உறுத்தியது. தொடையில் மரு என்று சொல்லி வைத்தேன். அதற்கென்ன, உப்பு மிளகு வேண்டிக்கொள்கிறேன் என்று உடனே ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். வேண்டுதல் தொடைக்குத்தான் போயிருக்கிறது, மீதித் தூரத்தை வைத்தீஸ்வரன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.