கருவேப்பிலைச் செடிக்கு நேரே

சமையல் கேஸைக் குழாய் வழியாக வீட்டுக்கே கொண்டுவரும் லைனுக்குக் குழி தோண்ட வந்தவர்கள் முதலில் கேட்டது, "உங்க வீட்டுத் தண்ணி பைப் எந்தப் பக்கம் போகுது?" என்றுதான். எனக்குத் தெரியாது. திருநகரில் இந்த வீட்டை அப்பா 1974-ல் கட்டினார். வரைபடம் என்று ஒன்று இருந்திருந்தாலும் அது அவரோடு போய்விட்டது. "கருவேப்பிலைச் செடிக்கு நேரா போகும்ப்பா" என்று அம்மா திண்ணையிலிருந்து சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை, நானும்தான். பத்தாவது நிமிடம் கடப்பாரை பைப்பில் இறங்கியது. அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வரும் நாள். தெரு முழுக்க ஓடியது. பிளம்பரைக் கூப்பிட்ட செலவு என் தலையில். "பழைய பைப் சார், நாங்க என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் காகித வேலை. ஆதார், கரண்ட் பில் எல்லாம் சரி. வீட்டு வரி ரசீது இன்னும் அப்பா பெயரில் இருந்ததால் வாரிசுச் சான்றிதழ், அக்காவிடம் சம்மதக் கடிதம் என்று மூன்று வாரம் ஓடியது.

தெருவிலிருந்து சுவர் வரை பிளாஸ்டிக் குழாய், அதற்கு மேல் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய், மீட்டர், அப்புறம் சுவரைத் துளைத்து அடுப்படிக்குள். அங்கேதான் தகராறு. மேலே இருக்கும் வென்டிலேட்டரை அம்மா பத்து வருடத்துக்கு முன்பே அட்டை வைத்து அடைத்திருந்தார். அணில் வந்து வடகத்தைத் தூக்கிப் போகிறதாம். "அதைத் திறந்தாதான் இணைப்பு" என்றார் வந்த டெக்னீஷியன். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே ஏறும். அதனால் வெளியேற வழி மேலே இருக்க வேண்டும். அம்மா அரை மனதோடு அட்டையைப் பிடுங்கினார்.

குழாய் மாட்டினார்களே தவிர, கேஸ் வர நான்கு மாதம் ஆனது. அதுவரை மீட்டரில் அம்மாவின் மஞ்சப்பை தொங்கியது.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை வந்தார்கள். மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். பிறகு அடுப்பின் ஜெட்டை, அதாவது பர்னருக்குக் கேஸ் விடும் சின்னத் துளையுள்ள திருகை, கழற்றி வேறு போட்டார்கள். பழையதையும் புதியதையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். புதியதில் துளை பெரிது. இந்தக் கேஸில் அழுத்தமும் குறைவு, அதே அளவுக்குக் கிடைக்கும் சூடும் குறைவு என்பதால் கூடுதலாக விட வேண்டுமாம். பழைய ஜெட்டோடு பற்றவைத்தால் தீ சோம்பலாகத்தான் எரியும்.

இப்போது சிலிண்டருக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. அணில் மட்டும் தினமும் வருகிறது. வடக டப்பா சாமி அலமாரிக்கு மாறிவிட்டது.